மயிலாடும்பாறைப் பையன் ஓடும் அதே மலையில் அண்டை நாட்டு மேஜருக்கும் பாடம்! - வெலிங்டனில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

தேனி மாவட்டம் கடமலை-மயிலை ஒன்றியத்தில் விடிவதற்கு முன் ரோட்டோரமாக ஓடும் பையன்களைப் பார்க்கலாம். மூல வைகையில் தண்ணீர் ஓடும் மழைக்காலமானாலும், இலவம் பஞ்சு வெடிக்கும் வெயில் காலமானாலும் ஓட்டம் நிற்காது. ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர் தூரத்தை ஓடிக் கடக்க வேண்டும். சில விநாடிகளில் வாய்ப்பைக் கோட்டைவிட்டவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள்.

மயிலாடும்பாறையிலிருந்து ஒரு பையன் தேர்வாகி, 'மெட்ராஸ் ரெஜிமென்ட்' என்று ஆர்டரும் வந்துவிட்டால், அவன் டிரங்குப் பெட்டியோடு போய் இறங்கும் இடம் வெலிங்டன். தேனி, வத்தலக்குண்டு, பழனி, கோவை, மேட்டுப்பாளையம் என்று ஊர் ஊராகத் தாண்டி மலையேறினால், குன்னூரை அடுத்து வரும் கன்டோன்மென்ட் அது. 1758-ல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா பையன்களைச் சிப்பாய்களாக்கி அனுப்பும் இடம்.

அதே கன்டோன்மென்ட்டில் இன்னொரு வளாகமும் இருக்கிறது. அங்கே ஓட்டமும் 'லெஃப்ட் ரைட்'டும் குறைவு. படிப்பும் விவாதமும் அதிகம். மாணவர்கள் எல்லோரும் பத்துப் பன்னிரண்டு வருடம் சர்வீஸ் போட்ட அதிகாரிகள். நேபாளம், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, நைஜீரியா என்று ஒவ்வோர் ஆண்டும் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வருகிறார்கள். பாதுகாப்புப் படை அதிகாரிகள் கல்லூரி என்பது அதன் பெயர். ராணுவத்தில் எல்லோரும் 'ஸ்டாஃப் காலேஜ்' என்பார்கள்.

தமிழ்நாட்டில் பலருக்கு இந்தக் கல்லூரியின் பெயர் முதன்முதலாகக் காதில் விழுந்தது ஒரு துயர நாளில்தான். 2021 டிசம்பர் 8-ம் தேதி, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் குன்னூர் நஞ்சப்பசத்திரம் அருகே விழுந்து நொறுங்கியது. சூலூரிலிருந்து அவர் கிளம்பியது இந்தக் கல்லூரி மாணவர்களிடம் உரையாற்றத்தான். அவரே இங்கே படித்தவர். விபத்தில் உயிரோடு மீட்கப்பட்டு ஒரு வாரம் போராடி இறந்த குரூப் கேப்டன் வருண் சிங், இதே கல்லூரியின் பயிற்றுநர்.

ஆந்தை முத்திரை

இந்தக் கல்லூரி பிறந்ததே ஒரு பாகப்பிரிவினையில்தான். ஆங்கிலேயர் காலத்தில் ஸ்டாஃப் காலேஜ் இருந்தது குவெட்டாவில். 1947-ல் நாடு பிரிந்தபோது குவெட்டா பாகிஸ்தானுக்குப் போனது. இந்தியப் பங்குக்கு வந்த பயிற்றுநர்கள் இடம் தேடி அலைந்து, கடைசியில் நீலகிரியில் 1850-களில் ஆங்கிலேயர் கட்டிய பேரக்ஸைப் பிடித்தார்கள். 1948-ல் முதல் வகுப்பு தொடங்கியது. முதல் கமாண்டன்ட், பர்மா காட்டில் ஜப்பானியர்களோடு மோதிய மேஜர் ஜெனரல் லென்டெய்ன். பின்னாளில் சாம் மானெக்‌ஷாவும் இதன் கமாண்டன்டாக இருந்தார். ஓய்வுக்குப் பிறகு குன்னூரிலேயே தங்கி, 2008-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில்தான் கண்ணை மூடினார்.

கல்லூரியின் முத்திரை ஆந்தை. நம் ஊரில் ஆந்தை அலறினால் முகம் சுளிப்பார்கள். இவர்களுக்கு அது அறிவின் அடையாளம். இங்கே படித்து முடித்தவர்கள் தங்களை 'ஆந்தைகள்' என்றுதான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

அப்படி என்னதான் படிப்பு? துப்பாக்கி சுடுவதையோ கயிறு ஏறுவதையோ இங்கே சொல்லித் தருவதில்லை. சிறு சிறு குழுக்களாகப் பிரித்து ஒரு வரைபடத்தை முன்னால் விரித்துவிடுவார்கள். 'எதிரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். உன்னிடம் இத்தனை பேர், இத்தனை வண்டி, இத்தனை நாளைக்குச் சாப்பாடு. பாலம் உடைந்துவிட்டது. என்ன செய்வாய்?' என்ற ரகத்தில் கேள்விகள் வரும். ஒருவர் திட்டம் எழுதுவார், மற்றவர்கள் அதைக் கிழிப்பார்கள். ஆயிரக்கணக்கானவர்களை எப்படி நகர்த்துவது, அவர்களுக்குச் சோறும் டீசலும் எந்த வழியில் போகும், காயம்பட்டவரை எப்படித் திரும்பக் கொண்டுவருவது... இவைதான் பாடம். சினிமாவில் போர் என்றால் குண்டு வெடிப்பது. இங்கே போர் என்றால் பெரும்பாலும் கணக்கு.

பாடத்திட்டம் ஏறக்குறைய 45 வாரம். முடிப்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்ஸி. பட்டம் கிடைக்கும். ஆம், உலகின் பல ராணுவத் தலைமையகங்களில், சுவரில் மாட்டிய சட்டத்துக்குள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கிறது.

வெளிநாட்டு அதிகாரிகளில் மனைவி, குழந்தைகளோடு வந்து தங்கிப் படிப்பவர்களும் உண்டு. அந்தப் பத்துப் பதினோரு மாதத்தில் இந்திய அதிகாரியின் மனைவியும் நேபாள அதிகாரியின் மனைவியும் பக்கத்து வீட்டுக்காரர்கள். குழந்தைகள் ஒன்றாக விளையாடுவார்கள். இது ஏதோ இடையில் நடக்கும் சின்ன விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். செலவு செய்து அடுத்த நாட்டுக்காரரை அழைத்துப் படிக்கவைப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். பதினைந்து இருபது வருடம் கழித்து அவர் தன் நாட்டில் ஜெனரலாக இருப்பார். எல்லையில் ஒரு பிரச்னை என்றால், டெல்லியிலிருந்து போகும் போனை எடுப்பவர், குன்னூர் குளிரில் ஒன்றாக டீ குடித்தவராக இருப்பார்.

வாத்தியார் வீடு தேடிப் போன கதை

மாணவர்களை இங்கே அழைப்பது ஒரு வகை. வாத்தியார்களை அங்கே அனுப்புவது இன்னொரு வகை. இதில் இந்தியாவின் மிகப் பழைய, இன்றும் நிரந்தரமாக இருக்கும் குழு பூட்டானில் உள்ளது.

1958-ல் பிரதமர் நேரு பூட்டானுக்குப் போனபோது அங்கே மோட்டார் ரோடு கிடையாது. சிக்கிமிலிருந்து நாதுலா கணவாய் ஏறி, திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியாக மலைப்பாதையில் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே திபெத்தில் கலகம் வெடித்து, தலாய் லாமா இந்தியாவுக்கு வந்துவிட்டார். பூட்டானுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அதன் பிறகு, 1960-களின் தொடக்கத்தில், இந்தியா இரண்டு குழுக்களை அனுப்பியது. ஒன்று ரோடு போட, இன்னொன்று ராணுவத்துக்குப் பயிற்சி கொடுக்க. மேற்கு பூட்டானின் ஹா பள்ளத்தாக்கில் ஒரு பழைய கோட்டையில் பயிற்சிக் குழு தங்கியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. இந்திய மேஜர் ஜெனரல் ஒருவர் தலைமை தாங்குகிறார். பூட்டான் அதிகாரிகள் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி மையத்துக்கும் வந்து படிக்கிறார்கள்.

நாற்பது வருடம் சொல்லிக் கொடுத்ததற்குப் பலன் 2003-ல் தெரிந்தது. அஸ்ஸாமில் குண்டு வைத்துவிட்டுப் பூட்டான் காடுகளுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும் உல்ஃபா உள்ளிட்ட மூன்று ஆயுதக் குழுக்கள், தெற்குப் பூட்டானில் 30 முகாம்களை வைத்திருந்தன. 'வெளியேறுங்கள்' என்று பூட்டான் பல வருடங்கள் பேசிப் பார்த்தது. கேட்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 15-ம் தேதி சின்னஞ்சிறு பூட்டான் ராணுவம் காட்டுக்குள் இறங்கியது. மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக்கே முன்னால் நின்றார். சில நாள்களில் முகாம்கள் காலி. எல்லையை அடைத்து நின்ற இந்திய ராணுவம் உள்ளே கால் வைக்கத் தேவையே இருக்கவில்லை.

2017-ல் 70 நாள்களுக்கு மேல் இந்தியப் படையும் சீனப் படையும் நேருக்கு நேர் நின்ற டோக்லாம் இருக்கிறதே, அது இந்த ஹா பகுதியை ஒட்டிய பீடபூமி. வரைபடத்தில் பார்த்தால், பயிற்சிக் குழு ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறது என்பதற்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

மாணவர் மன்னரான கதை

இப்படி எல்லாமே நல்லபடியாக முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

1960-களில் ஆப்பிரிக்க நாடுகள் வரிசையாக விடுதலை பெற்றன. வெள்ளைக்கார அதிகாரிகள் கிளம்பியதும் ராணுவத்தை நடத்த ஆளில்லை. மறுபடியும் லண்டனையே கேட்கக் கூச்சம், இந்தியாவைக் கேட்டார்கள். எத்தியோப்பியாவில் ஹரார் ராணுவக் கல்லூரியை நடத்தியவர்கள் இந்திய அதிகாரிகள். நைஜீரியாவின் கடூனாவில் 1964-ல் தொடங்கிய ராணுவ அகாடமிக்கு முதல் கமாண்டன்டாகப் போனவரும் ஓர் இந்தியப் பிரிகேடியர். அதே 1964-ல்தான் வெளிநாட்டவருக்குப் பயிற்சி தருவதற்கென்று 'ஐடெக்' என்ற திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. மாணவரின் பயணம், தங்கும் செலவு, கட்டணம் எல்லாம் இந்தியக் கணக்கில். இன்றும் அது நடக்கிறது.

நைஜீரியாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கிருந்து 1960-களில் வெலிங்டனுக்கு வந்து படித்தவர் ஒலுசெகுன் ஒபசான்ஜோ. 1976-ல் ராணுவ ஆட்சியின் தலைவரானார். 1973-ல் வெலிங்டனில் படித்தவர் முகமது புஹாரி. 1983-ன் கடைசி நாளில் நடந்த ராணுவப் புரட்சியில் அவர் நாட்டின் தலைவர். இருபது மாதத்தில் அவரையும் ஒருவர் கவிழ்த்தார். அவர் இப்ராகிம் பாபங்கிடா. படித்த இடம்? டேராடூன் ராணுவ அகாடமி!

ராணுவம் ஆட்சிக்குக் கட்டுப்பட்டது என்பதை இந்தியாவைவிடப் பிடிவாதமாகக் கடைப்பிடித்த நாடு ஆசியாவில் குறைவு. அந்த இந்தியாவின் வகுப்பறையில் உட்கார்ந்து எழுந்தவர்கள், வீட்டுக்குப் போய்ச் செய்தது இது. ஒபசான்ஜோ 1979-ல் ஆட்சியை மக்களிடம் ஒப்படைத்தார் என்பதையும், அவரும் புஹாரியும் பிறகு தேர்தலில் நின்று ஜனாதிபதி ஆனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால், வரைபடத்தை வாசிக்கக் கற்றுக்கொடுப்பதுபோல அரசியல் சாசனத்தை மதிக்கக் கற்றுக்கொடுக்க முடிவதில்லை. அது அந்தந்த நாட்டின் வீட்டுப் பாடம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலியில் ஐரோப்பிய நாடுகள் பட்டதும் இதே அனுபவம்தான். 2013-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் பயிற்சிக் குழு அங்கே ராணுவத்தைத் தயார் செய்தது. 2020-லும் 2021-லும் அந்த ராணுவமே ஆட்சியைப் பிடித்து, ரஷ்யக் கூலிப் படையை வரவழைத்துக்கொண்டது. 2024-ல் ஐரோப்பியக் குழு மூட்டை கட்டியது.

தமிழ்நாட்டின் காயம்

நைஜீரியாவும் மாலியும் தூரத்தில் இருப்பவை. நமக்கு வலித்தது பக்கத்தில்.

1980-களின் முற்பகுதியில் வெலிங்டனில் படித்த இலங்கை அதிகாரிகளில் ஒருவர் கோத்தபய ராஜபக்ச. சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களில் அவரும் ஒருவர். அதற்கு முன்பே, இந்திய ராணுவம் நடத்தும் காட்டுப்போர்ப் பயிற்சிப் பள்ளியிலும் அவர் பயிற்சி எடுத்திருந்தார்.

அதே பத்தாண்டில்தான் மறுபக்கத்துக் கதையும் நடந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் வெட்டி எரிக்கப்பட்ட பிறகு, தமிழ் இளைஞர் இயக்கங்களுக்கு இந்திய உளவு அமைப்பு பயிற்சி கொடுத்தது. வட இந்திய மலைகளிலும், சேலம் மாவட்டத்துக் காட்டோரங்களிலும், தஞ்சைப் பக்கமும் முகாம்கள் இயங்கின. ஊருக்கே தெரிந்த ரகசியம் அது. ஆக, இலங்கை ராணுவ அதிகாரிக்கு நீலகிரியில் பாடம்; அந்த ராணுவத்தை எதிர்க்கப் போகிறவருக்குச் சேலத்தில் பாடம். வாத்தியார் ஒரே ஆள்! டெல்லி இதை ராஜதந்திரம் என்றது. இரண்டு வகுப்பிலும் படித்தவர்கள் ஒருநாள் நேரில் சந்திப்பார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.

அவர்கள் மட்டும் சந்தித்துக்கொள்ளவில்லை. 1987 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அமைதிப்படை இலங்கைக்குப் போனது. சில மாதங்களில், இந்தியா பயிற்சி கொடுத்தவர்களே இந்தியச் சிப்பாய்க்கு எதிரே நின்றார்கள். ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்களும் அந்தப் படையில் இருந்தன. இந்திய வீரர்களால் கொல்லப்பட்ட, அவமானப்படுத்தப்பட்ட ஈழத்தமிழ்க் குடும்பங்களின் கணக்கு தனி. 1988 நவம்பரில், தமிழ்நாட்டில் முகாம் நடத்தியிருந்த ப்ளாட் இயக்கத்தின் ஆள்கள் மாலத்தீவு ஆட்சியைக் கவிழ்க்கக் கூலிக்குப் போக, அதைத் தடுக்க ஆக்ராவிலிருந்து விமானத்தில் பாராசூட் படையை அனுப்பவேண்டி வந்தது. கற்ற வித்தை எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது என்பதற்கு, தமிழ்நாட்டைவிட அதிகமாகப் பார்த்த ஊர் இந்தியாவில் வேறில்லை.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது கோத்தபய பாதுகாப்புச் செயலாளர். கடைசி மாதங்களில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை என்று, ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் சொன்னது. இலங்கை அரசு அதை ஏற்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2012 ஜூலையில் ஒரு செய்தி வெளியானது. இலங்கை விமானப் படையைச் சேர்ந்த ஒன்பது பேர் தாம்பரம் விமானப் படைத் தளத்தில் பயிற்சி பெறுகிறார்கள்! தமிழ்நாடு கொதித்தது. முதல்வர் ஜெயலலிதா கடுமையாக எதிர்த்தார். எதிர்க்கட்சிகளும் எதிர்த்தன. மற்ற எதற்கும் ஒத்துப்போகாத கட்சிகள் இதில் ஒரே குரல். மத்திய அரசு என்ன செய்தது? அந்த ஒன்பது பேரையும் பெங்களூரு எலஹங்காவுக்கு அனுப்பியது. அடுத்த மாதமே, இலங்கை அதிகாரிகள் இருவர் வெலிங்டனில் படிக்கிறார்கள் என்று தெரியவர, மறுபடியும் பிரதமருக்குக் கடிதம். இலங்கை நட்பு நாடு, பயிற்சி தொடரும் என்றது டெல்லி. 2013-லும் வெலிங்டனை வைத்து இதே சண்டை.

கோபம் எல்லை மீறிய இடங்களும் உண்டு. 2012 செப்டம்பரில் சென்னைக்குக் கால்பந்து விளையாட வந்த இலங்கைப் பள்ளி மாணவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். வேளாங்கண்ணிக்கு வந்த இலங்கை யாத்ரீகர்கள் தாக்குதலுக்கு ஆளானார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். பந்து உதைக்க வந்த பையனும், மாதாவைக் கும்பிட வந்த பாட்டியும் யாரைக் கொன்றார்கள்? அந்த வாரத்தை நினைத்துத் தமிழ்நாடு பெருமைப்பட முடியாது.

ஆனால் தாம்பரம் விஷயத்தில் தமிழ்நாடு கேட்ட கேள்வி நியாயமானது. 'நீ சொல்லிக் கொடுக்கும் படை, தன் சொந்த மக்களை என்ன செய்தது என்று பார்த்தாயா?' அதற்கு டெல்லி கொடுத்த பதில், இடத்தை மாற்றியது. தாம்பரத்தில் கூடாதது எலஹங்காவில் எப்படிச் சரியாகும்?

டெல்லிக்கும் ஒரு வாதம் உண்டு. அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. இந்தியா கதவைச் சாத்தினால் இலங்கை அதிகாரி வீட்டில் சும்மா உட்காரமாட்டார். பாகிஸ்தானுக்கும் சீனாவுக்கும் போவார். 1980-களில் அப்படித்தான் நடந்தது. 'இந்தியா நம் எதிரிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறது' என்று கோபப்பட்ட இலங்கை, இஸ்ரேலியர்களை அழைத்தது. பிரிட்டனைச் சேர்ந்த கே.எம்.எஸ். என்ற தனியார் கூலி நிறுவனம், சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சி கொடுக்க வந்தது. கிழக்கு மாகாணத் தமிழர்களைக் கேட்டால் அந்த அதிரடிப் படையின் பெயர் இன்றும் நடுக்கம் தரும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் 1997-லிருந்து ஒரு சட்ட ஏற்பாடு உள்ளது. கொண்டுவந்த செனட்டரின் பெயரால் 'லேஹி சட்டம்' என்பார்கள். கொடூர மனித உரிமை மீறலில் ஈடுபட்டதாக நம்பகமான தகவல் இருக்கும் வெளிநாட்டுப் படைப் பிரிவுக்கு அமெரிக்கப் பணமோ பயிற்சியோ போகக் கூடாது. பயிற்சிக்கு வருபவரின் பெயரையும் அவர் பிரிவையும் முன்கூட்டியே சலித்துப் பார்க்க வேண்டும். நாடு முழுவதையும் ஒதுக்குவதில்லை. தவறு செய்த பிரிவை மட்டும் ஒதுக்குவது. வேண்டிய நாடு என்றால் அமெரிக்காவே இதில் கண்ணை மூடிக்கொள்ளும் என்ற குற்றச்சாட்டு உண்டு. இருந்தாலும், எழுதி வைத்த விதி என்று ஒன்று இருந்தால்தான் 'ஏன் மீறினாய்' என்றாவது கேட்க முடியும். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. 2012-ல் தாம்பரத்துக்காகக் கடிதம் எழுதிய கட்சிகள், நாடாளுமன்றத்தில் அதற்காக வாதாடியிருந்தால் பஸ்ஸை எலஹங்காவுக்குத் திருப்பியதோடு விஷயம் முடிந்திருக்காது.

'கிளம்புங்கள்' என்று சொன்னால்?

பயிற்சி கொடுப்பவர் தன்னை அண்ணன் என்று நினைத்துக்கொள்வார். கற்றுக்கொள்பவருக்கு அது சில சமயம் உறுத்தும். மாலத்தீவு அதிகாரிகள் பல வருடங்களாக இந்தியாவில்தான் படிக்கிறார்கள். இந்தியா கொடுத்த இரண்டு ஹெலிகாப்டரையும் ஒரு டார்னியர் விமானத்தையும் இயக்க, ஏறக்குறைய 80 இந்தியப் படையினர் அங்கே இருந்தார்கள். தீவுகளிலிருந்து நோயாளிகளைத் தூக்கிவருவதுதான் முக்கிய வேலை. 'இந்தியாவே வெளியேறு' என்ற முழக்கத்தோடு 2023-ல் ஜெயித்த முகமது முய்சு, படையினர் கிளம்ப வேண்டும் என்றார். 2024 மே மாதத்துக்குள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். அவர்கள் இடத்தில் சீருடை இல்லாத இந்தியத் தொழில்நுட்ப ஆள்கள் போனார்கள். ஹெலிகாப்டர் பறப்பது நிற்கவில்லை. நோயாளியைத் தூக்குபவர் எந்தச் சட்டை போட்டிருந்தார் என்பது நோயாளிக்கு முக்கியமில்லை. அந்த நாட்டு அரசியலுக்கு முக்கியம்.

உக்ரைன் கதை வேறு மாதிரி. அங்கே அவசரம். 2022 கோடையிலிருந்து பிரிட்டன் தன் மண்ணில் உக்ரைன் ஆள்களுக்கு அடிப்படைப் பயிற்சி கொடுக்கிறது. நேற்று வரை டிரைவராகவும் வாத்தியாராகவும் இருந்தவர்களுக்குத் தொடக்கத்தில் கிடைத்தது மூன்றே வாரம். 2024 முடிவதற்குள் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து போர்முனைக்குத் திரும்பினார்கள். குன்னூர் குளிரும் டீயும் 45 வாரமும் அமைதிக் காலத்துச் சொகுசு.

படை இல்லாத கேடட்டுகள்

பரங்கிமலைக்கு 2017 டிசம்பரில் ஆப்கானிஸ்தானிலிருந்து 20 பெண் அதிகாரிகள் வந்தார்கள். சில வாரப் பயிற்சி. உடற்பயிற்சி, ஆயுதம், தலைமைப் பண்பு, கொஞ்சம் கம்ப்யூட்டர். பெண்கள் பள்ளிக்குப் போவதையே தாலிபன்கள் தடை செய்திருந்த நாட்டிலிருந்து சீருடையோடு வந்தவர்கள் அவர்கள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பெண்கள் வந்தார்கள். ஆப்கன் இளைஞர்களும் டேராடூனிலும் சென்னையிலும் கேடட்டுகளாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

2021 ஆகஸ்ட் 15. காபூல் விழுந்தது. அமெரிக்கா இருபது வருடம், 80 பில்லியன் டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய ஆப்கன் படை சில வாரங்களில் கரைந்துபோனது. ஆயுதமும் பயிற்சியும் இருந்தன. யாருக்காக நின்று சாக வேண்டும் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. பல மாதமாகச் சம்பளம் வராத சிப்பாய், ஜனாதிபதியே விமானம் ஏறி ஓடிவிட்டார் என்று தெரிந்த பிறகு எதற்கு நிற்பான்?

அந்த மாதம் முடிவதற்குள், தோஹாவில் இந்தியத் தூதர் ஒரு தாலிபன் தலைவரைச் சந்தித்தார். பெயர் ஷேர் முகமது அப்பாஸ் ஸ்டானிக்சாய். 1980-களின் தொடக்கத்தில் ஆப்கன் ராணுவ மாணவராக டேராடூன் அகாடமியில் படித்தவர். வகுப்புத் தோழர்கள் அவரை 'ஷேரு' என்று கூப்பிடுவார்களாம். இந்தியா படிக்கவைத்தது யாரை, அவர் திரும்பி வந்தது யாராக!

இந்தியாவில் இருந்த கேடட்டுகளோ நடுக்கடலில் நின்றார்கள். படிப்பை முடித்து, பரேடில் நடந்து, தோளில் நட்சத்திரமும் குத்தியாயிற்று. போய்ச் சேர வேண்டிய ராணுவம் உலகத்திலேயே இல்லை. ஊருக்குத் திரும்பினால் 'பழைய அரசின் ஆள்' என்று உயிருக்கு ஆபத்து. இங்கே இருக்கலாம் என்றால் எந்த அடிப்படையில்? விசா எத்தனை நாளைக்கு?

2022 பிப்ரவரியில் இந்தியா ஒரு வழி செய்தது. பயிற்சி முடித்திருந்த 80 ஆப்கன் கேடட்டுகளுக்கு, அதே ஐடெக் திட்டத்தின் கீழ் மேலும் 12 மாதம் படிக்க அனுமதி, தங்க இடம், கைச் செலவுக்குப் பணம். போரும் வரைபடமும் படித்து முடித்தவர்களுக்கு இந்த முறை கொடுத்த பாடம், ஆங்கிலம். வேறு ஏதாவது ஒரு நாட்டில் ஏதாவது ஒரு வேலைக்குப் போக அது உதவும் என்பதற்காக.